ஒரு ரன் இடிக்குது

வாலாஜா சாலை வாசலில் வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர். அப்பாவும் மகளும் என்பதை அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை, காதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மேல் விளிம்பு உள்ளே மடிந்து, நுனி லேசாகக் கூர்ந்த காது. அவருடைய காதின்மேல் நாலைந்து வெள்ளை முடி, அவளுடையதில் ஒரு சின்னக் கல் தோடு. அச்சு ஒன்றுதான்.

2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. சேப்பாக்கத்தில் வங்கதேசத்துடன் முதல் டெஸ்ட், முதல் நாள். ஒன்பது மணிகூட ஆகவில்லை, அதற்குள் வெயில் தோளில் கை போட்டுவிட்டது.

சோதனை மேஜையில் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று பறிபோய்க்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில், குடை, பவர் பேங்க், ஒரு பையனின் ஹெல்மெட். பெரியவரின் மஞ்சப்பைக்குள் கைவிட்ட காவலர், நாளிதழ் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். பக்கம் முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்குள் புள்ளிகள்.

“என்ன சார், கோல நோட்டா?”

“ஸ்கோர் புக்.”

“உள்ள அவ்ளோ பெரிய டிவி வெச்சிருக்காங்களே சார்.”

பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. டிவி என்ற சொல்லையே அவர் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. நோட்டு தப்பியது. அதில் செருகியிருந்த இரண்டு பென்சில்களும் தப்பவில்லை. கூர்மையான பொருள் என்று சொல்லிவிட்டார்கள். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மௌனமாக நடந்தார். படிக்கட்டில் பத்துப் படி ஏறியதும் மகள் தன் கொண்டைக்குள் கையை விட்டு ஒரு பென்சிலை உருவினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் சரிந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை.

“எச்பி-தானே?”

“எச்பி-தான்ப்பா.”

அவர்களுக்குப் பின் வரிசையில், ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தேன். என் சீட்டு எண் அங்கே இல்லை. வாரநாள் காலை, கூட்டம் குறைவு, யாரும் கேட்கவில்லை. அங்கிருந்து அவர்களுடைய முகம் தெரியாது, நோட்டு தெரியும். அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை. ஒருவேளை ஒரே ஒரு தடவை திறந்திருக்க வேண்டுமோ என்னவோ, அது கடைசியில்.

டாஸ் ஜெயித்த வங்கதேசம் பந்துவீசுவதாகச் சொன்னதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சேப்பாக்கத்துல டாஸ் ஜெயிச்சு பௌலிங்கா! 82-ல இங்கிலாந்து எடுத்தான். ஃபிளெட்சர். என்ன ஆச்சு?”

“விஸ்வநாத் 222,” என்றாள் மகள், நோட்டில் கோடு போட்டுக்கொண்டே.

“யஷ்பால்?”

“140.”

“ம்.”

அவளுக்கு முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது இருக்கும். 82-ல் பிறந்தே இருக்க மாட்டாள். பெருமாள் கோயிலில் அர்ச்சகர் ஒரு வரி சொல்ல, கூட்டம் அடுத்த வரி சொல்லுமே, அந்தப் பழக்கம். இதில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்துக்கு ஒரு புள்ளி. பேட்ஸ்மேன் வரிசையில் ஒன்று, பௌலர் கட்டத்தில் ஒன்று. ஒவ்வொரு பந்தும் இரண்டு இடத்தில் பதிவாக வேண்டும், வரவும் செலவும் மாதிரி. ரன் எடுத்தால் எண். அகலமாகப் போனால் கூட்டல் குறி. நோ-பாலுக்கு வட்டம். பை என்றால் முக்கோணம், லெக் பை என்றால் அதே முக்கோணம் தலைகீழாக. ஆறு பந்திலும் ரன் வரவில்லையென்றால், கட்டத்தில் மூன்று மூன்றாக நிற்கும் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ‘எம்’ என்ற எழுத்தாக்குவார். மெய்டன். காவலர் கேட்டது தப்பில்லை. புள்ளி வைத்துக் கோடு இழுப்பதற்குக் கோலம் என்றுதானே பேர்.

முதல் பவுண்டரி போனது. நடுவர் கையை இடமும் வலமும் ஆட்டினார். பெரியவர் தன் வலக்கையைத் தலைக்குமேல் உயர்த்தி, ஒரு நொடி வைத்திருந்து, இறக்கினார். எனக்குப் புரியவில்லை. கைதட்டலும் இல்லை, உற்சாகமும் இல்லை. வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லுகிற கை. பக்கத்து இருக்கைப் பையனுக்கும் புரியவில்லை. அவன் கேட்டுவிட்டான்.

“அங்கிள், யாருக்கு டாட்டா காட்டுறீங்க?”

பெரியவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள்தான் சொன்னாள். அப்பா ஆபீஸ் வேலை போக, ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் மேட்ச்சுக்கு ஸ்கோரர். கீழ் டிவிஷன். மேட்டிங் விக்கெட், வேப்பமரத்து நிழல், மரமேஜை. நடுவர் சைகை காட்டினால் ஸ்கோரர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். அதுவரை அடுத்த பந்தைப் போட விடமாட்டார் நடுவர்.

“இங்க இவரைக் கேட்டா போடறாங்க?” என்றான் பையன்.

“இத்தனை வருஷமா இவர் கையைத் தூக்காம ஒரு பந்தும் போட்டதில்ல,” என்றாள் அவள். சிரிக்காமல் சொன்னாள்.

வீட்டில் இருந்தால் அம்மாவைப் படுத்துகிறாள் என்று எட்டு வயதில் அவளையும் அப்பாவோடு அனுப்பிவிடுவார்களாம். மேஜைக்குக் கீழே உட்கார்ந்து விளையாடுவாள். அப்புறம் மேஜைமேல். பத்து வயதில் எதிரணி ஸ்கோரர் ஒருநாள் வராமல் போக, அந்த நோட்டை அவளே எழுதினாளாம். ஓவர் முடிந்ததும் அப்பா பக்கத்தில் இருந்தே கேட்பார்: “டோட்டல்?” அவள் சொல்ல வேண்டும். இரண்டு நோட்டும் ஒத்துப்போக வேண்டும். கைக்குக் கிடைத்தது ஒரு தேங்காய் பன்னும் டீயும். இதை அவள் சொல்லி முடித்தபோது பையன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் முழுதாகக் கேட்டேன்.

எதிரே வானளாவிய திரை. எல்லா எண்ணும் அதில் ஓடுகிறது. பெரியவர் வைத்திருந்த சட்டம், உணவு இடைவேளை வரும்வரை அதைப் பார்க்கக் கூடாது. “போர்டைப் பார்த்து எழுதறதும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதறதும் ஒண்ணு.” இடைவேளையில் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சரிபார்க்கலாம். போனில் ஸ்கோர் பார்ப்பது பற்றிப் பேச்சே இல்லை.

ஹசன் மஹ்மூத் என்கிற இளைஞன் சிவப்பு மண் ஆடுகளத்தில் பந்தை ஆட வைத்தான். சில வாரங்களுக்கு முன்புதான் பாகிஸ்தானுக்கே போய் இரண்டு டெஸ்டையும் ஜெயித்துவிட்டு வந்திருந்த அணி அது. அந்தத் தெம்பு ஓட்டத்திலேயே தெரிந்தது. ரோஹித் 6. கில் 0. அப்புறம் எல்லோரும் எதற்காக வந்தார்களோ அந்த ஆள் இறங்கினார். கோலி நடந்து வரும்போது எழுந்த சத்தம் அடங்க நேரமானது. ஆறு ரன். வெளியே போன பந்தை எட்டிப்போய்த் தொட்டார். விக்கெட் கீப்பர் பிடித்தார். 34-க்கு 3.

ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் வரும் ஓசை. அதில் இந்த இருவர் மட்டும் வேலையாக இருந்தார்கள். அவர் பௌலர் கட்டத்தில் ‘டபிள்யூ’ போட்டார். கை நடுங்கியதில் அது ‘எம்’ கவிழ்ந்த மாதிரி விழுந்தது.

“விட்டிருக்கலாம்.”

“விட்டா நீங்களே திட்டுவீங்க, ஆடாம நிக்கறான்னு.”

“நான் எப்போ திட்டினேன்?”

“2014 இங்கிலாந்து. மொத்த சீரிஸும்.”

அவர் பேசவில்லை. தோளை மட்டும் ஒரு தரம் குலுக்கிக்கொண்டார். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. பேச்சு எல்லாம் மைதானத்தைப் பார்த்துத்தான். அவர் புல்லிடம் கேட்பார், அவள் புல்லிடம் பதில் சொல்வாள். மாத்திரையைக் கூட அவள் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக் கொடுத்தாள். அவர் பார்க்காமலேயே வாங்கி விழுங்கினார். வீட்டில் மேஜைக்கு எதிரெதிரே உட்கார வைத்தால் இவர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ‘சாம்பார் இன்னும் வேணுமா’-வுக்கு மேல் ஓடாது என்று தோன்றியது. என் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அதுகூடக் கிடையாது. மாநிலச் செய்தி முடிந்தால் ரேடியோவை அணைத்துவிடுவார். விளையாட்டுச் செய்தி அதற்கப்புறம்தான் வரும்.

88-க்கு 3-ல் உணவு இடைவேளை. அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். 88. நோட்டில் 88. பென்சிலை மகளிடம் கொடுத்தார். முதல் செஷன் அவர், இரண்டாவது அவள், மூன்றாவது முடிந்தவரை அவர். இதுதான் ஏற்பாடு. அவள் நோட்டை வாங்கி வைத்துவிட்டுப் போய் இரண்டு பொட்டலம் பிரிஞ்சி வாங்கிவந்தாள். அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, “உங்கம்மா கிட்ட சொல்லாதே,” என்றார். எதைச் சொல்லக்கூடாது என்று தெரியவில்லை. ஊறுகாயாக இருக்கலாம்.

இடைவேளையில் அவர்கள் பேசிய பழைய ஆட்டங்களை அப்படியே எழுதினால் ஒரு நாள் பற்றாது. ஆனால் 86 வராமல் போகாது, சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அறுபது தாண்டிய எந்த மனிதரிடமும். ஆஸ்திரேலியா, செப்டம்பர், இதே வெயில். வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன டீன் ஜோன்ஸ். ஜெயிக்க 348. கடைசி ஓவர் வரை வந்து 347-ல் எல்லோரும் அவுட். சமன். அதற்குமுன் டெஸ்ட் வரலாற்றில் ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்திருந்தது.

“சாஸ்திரி ஐம்பதுல நாட்-அவுட். அந்தப் பக்கம் மணீந்தர். கடைசிப் பந்து…”

“48. அஞ்சாவது பந்து.”

“நான் இங்க இருந்தேன்.”

“இருந்தீங்க. ஆனா சாஸ்திரி 48. மணீந்தர் அவுட் ஆனது அஞ்சாவது பந்துல. ஒரு பந்து மிச்சம் இருந்துது.”

“நீ அப்போ பொறக்கவே இல்ல.”

“நீங்க எழுதின நோட்டுலதான் பார்த்தேன்.”

அதற்கு அவரிடம் மறுப்பு இல்லை. தன் கையெழுத்தைத் தானே எப்படி மறுப்பது? கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு ரன்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்குக் கிட்டப் போகிறது, அந்த ஒரு ரன் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது போல.

99 பற்றி வந்தது சண்டை. பாகிஸ்தான், ஜனவரி, நாலாவது நாள். 271 துரத்தி, முதுகுவலியோடு சச்சின் 136. அவர் போனபோது 17 ரன் வேண்டும், மூன்று விக்கெட் மிச்சம். நாலே ரன்னில் கதை முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. பிறகு மைதானமே எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது, அவர்கள் சுற்றி வந்தார்கள். அன்று அவளை முதன்முதலாக டெஸ்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார்.

“சச்சின் அவுட் ஆனதும் நீ என்ன அழுகை.”

“அழுதது நீங்கப்பா.”

“நானா?”

“எனக்குக் கர்சீப் கொடுத்து, நானும் துடைச்சிக்கணும்னு திருப்பி வாங்கினீங்க.”

இது நோட்டில் இருக்காது. யார் சொல்வது சரி என்று நான் எப்படிச் சொல்ல? இருவரும் அவரவர் கட்சியில் உறுதியாக நின்றார்கள்.

உணவுக்குப் பின் ஆட்டம் மந்தமானது. பந்த் 39-ல் போனார். ஜெய்ஸ்வாலும் ராகுலும் கட்டிக்கொண்டு நின்றார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு நேரம் உண்டு, ஒன்றுமே நடக்காத நேரம். பக்கத்துப் பையன் எழுந்து போய்விட்டான். அவள் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். அவள் புள்ளி உருண்டையானது, அழுத்தமானது. அவருடையது கை நடுங்கி அரைப்புள்ளி மாதிரி வாலோடு இருக்கும்.

“ஜனவரில என்னை பெங்களூருக்கு மாத்தறாங்கப்பா.”

ஒரு பந்து. புள்ளி.

“ரெண்டு வருஷம்னு சொல்றாங்க. மேலயும் ஆகலாம்.”

இன்னொரு பந்து. தட்டிவிட்டு ஒன்று. அவள் எழுதினாள். அவர் தலை மிட்-ஆஃப் பக்கம் திரும்பித் திரும்ப வந்தது. ஓவர் முடிந்தது. பீல்டர்கள் முனை மாறினார்கள். அடுத்த ஓவரும் ஆரம்பித்து நாலு பந்து போய்விட்டது. நான் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாதவனுக்கு அதுதான் கதி.

“சின்னசாமி ஸ்டேடியத்துல பவுண்டரி சின்னது,” என்றார்.

“ம்.”

“அடுத்த மாசம் நியூசிலாந்து அங்கதான் ஆடறான்.”

“ம். தெரியும்பா.”

“டோட்டல்?”

“நூத்தி நாப்பது.”

அவ்வளவுதான். அந்தப் பேச்சு அங்கே முடிந்தது. முடிந்ததா என்றால், அதன்பின் அவர் கொஞ்ச நேரத்துக்கு எந்தச் சைகைக்கும் கையைத் தூக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு பவுண்டரிக்கு அவளே தன் இடக்கையைத் தூக்கி இறக்கினாள்.

144-ல் ஜெய்ஸ்வால் அவுட், 56. அதே 144-ல் ராகுலும் அவுட். ஆறு விக்கெட். மேல் தட்டிலிருந்து ஒருவன் கத்தினான்: “144 போட்டுட்டாங்கடா, எல்லாரும் கலைஞ்சு போங்க!” சுற்றிலும் சிரிப்பு. பெரியவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “அடுத்து யாரு?” என்று அவருக்குத் தெரிந்ததையே கேட்டார்.

“அஸ்வின்.”

மாம்பலத்துக்காரர் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அந்தப் பக்கம், ‘தளபதி’ என்று இந்த ஊர் பெயர் சூட்டிய ஜடேஜா. கோலிக்கு எழுந்த சத்தம் வேறு, இது வேறு. அது திருவிழாச் சத்தம். இது வீட்டுக்குள் பிள்ளை வரும்போது எழும் சத்தம். பெரியவர் ஏதோ கணக்குப் போட்டார். “சின்ன வயசுல ஓப்பனரா ஆடினவன். ஆடுவான்.” ஆடினார். எழும்பின பந்தையெல்லாம் பாயின்டுக்குமேல் வெட்டினார். விளிம்பில் பட்டதும் பறந்தது, நடுவில் பட்டதும் பறந்தது. தேநீர் இடைவேளையில் 176-க்கு 6. திரையும் நோட்டும் ஒத்துப்போயின. அதற்குள் கடல்காற்று வந்துவிட்டது. வங்காள விரிகுடா இங்கிருந்து கூப்பிடு தூரம். காற்று வந்தால் உப்பும் வரும், காற்று திசைமாறினால் பக்கிங்ஹாம் கால்வாயும் வரும். இரண்டையும் ஒரே மூக்கால் ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் சேப்பாக்கத்து ரசிகர்கள்.

மூன்றாவது செஷனை அவர் எழுதத் தொடங்கினார். ஜடேஜா ஐம்பதைத் தொட்டு வாளைச் சுழற்றுவது போல் பேட்டைச் சுழற்றும்வரை எழுதினார். பிறகு பென்சிலை நீட்டினார். “கை மரத்துப்போச்சு.” அவள் வாங்கிக்கொண்டாள்.

அஸ்வின் எண்பதைத் தாண்டியிருந்தார். வெயில் சாய்ந்து, எங்கள் வரிசைக்குக் கூரையின் நிழல் வந்துவிட்டது. பெரியவருடைய தலை மெல்ல முன்னால் குனிந்தது. தாடை நெஞ்சில் தொட்டது. சுற்றிலும் ‘அஸ்வின், அஸ்வின்’ என்று தாளம் போடுகிறார்கள், மனிதர் தூங்கிவிட்டார். அவள் இரண்டு பந்து எழுதினாள். “டோட்டல் கேக்கலையேப்பா,” என்றாள். பதில் இல்லை. இன்னொரு பந்து எழுதினாள். அப்புறம் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அன்று காலையிலிருந்து முதல் தடவை.

பாதி முகம் எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் கண்ணாடிக் கூடு. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் காற்றில் நின்றது. ஓவரின் கடைசிப் பந்து. சுழற்பந்துக்காரர் வந்து போட்டார். ஜடேஜா லாங்-ஆன் பக்கம் தட்டிவிட்டு நிதானமாக ஒன்று ஓடினார். அதற்கெல்லாம் யாரும் கைதட்டுவதில்லை. அவள் கண் அந்தச் சட்டைப்பையிலேயே இருந்தது. கண்ணாடிக் கூடு ஏறியது. அவளும் மூச்சு விட்டாள்.

“எத்தனை?” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

“டாட்-ப்பா.”

சொல்லிவிட்டு, குனிந்து, ஜடேஜா வரிசையில் ஒரு புள்ளி வைத்தாள். நன்றாக உருண்டையாக, அழுத்தமாக.

அவர் விழித்துக்கொண்டுவிட்டார். அல்லது தூங்கவே இல்லையென்று பாவனை செய்தார். வீட்டுக்கு வீடு அப்பாக்கள் எல்லோரும் செய்வதுதானே அது. அஸ்வின் தொண்ணூறில் இருந்தபோது, “இவன் அப்பா வந்திருப்பாரா?” என்று கேட்டார்.

“வராம இருப்பாராப்பா?”

அஸ்வினின் அப்பா ரவிச்சந்திரன் கிளப் அளவில் வேகப்பந்து வீசியவர். பெரியவர் அவரைத் தேடுவது போல எதிர்த் தட்டுகளைக் கண்ணால் துழாவினார். கிடைத்தாரா தெரியாது. 108-ஆவது பந்தில் நூறு வந்தது. அஸ்வினுக்கு ஆறாவது டெஸ்ட் சதம். இதே மைதானத்தில் இரண்டாவது, முதலாவது 2021-ல் இங்கிலாந்துக்கு எதிராக 106. எல்லோரும் எழுந்தார்கள். பெரியவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் எழுந்திருக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் எழுத வேண்டுமே. எழுதி முடித்ததும் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் எழுந்தேனா என்று நினைவில்லை.

ஆட்டம் முடிந்தபோது 80 ஓவர்தான் ஆகியிருந்தது. “பத்து ஓவரை முழுங்கிட்டானுங்க,” என்றார் அவர். அதன்பின் கூட்டல் வேலை தொடங்கியது. தாளின் ஓரத்தில் மளமளவென்று கூட்டினார். பேட்ஸ்மேன்கள் எடுத்தது, அதோடு உதிரி. பௌலர்கள் கொடுத்தது. இரண்டும் ஒன்று. தலையை ஆட்டிக்கொண்டார். பிறகுதான் நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

339-க்கு 6. அஸ்வின் 102. ஜடேஜா 86.

நோட்டில் 338. ஜடேஜா 85.

“ஒரு ரன் இடிக்குதே.”

மறுபடி கூட்டினார். 338. அவள் கூட்டினாள். 338. பக்கத்து வரிசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. துப்புரவுப் பெண்கள் சாக்கோடு மேலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் தம்ளர்கள் காற்றில் உருண்டன.

“டீ வரைக்கும் சரியா இருந்துது. அதுக்கப்புறம்தான்.”

“ஆமாம்பா.”

“என் கையா, உன் கையா?”

அவள் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜடேஜா வரிசையில் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டு போனாள். வால் வைத்த புள்ளிகள் முடிந்து உருண்டைப் புள்ளிகள் தொடங்கும் இடம் வந்தது. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. ரன் இல்லாத பந்துக்கும் புள்ளிதான், ரன் தவறிய பந்துக்கும் புள்ளிதான். போனை எடுத்துப் பார்த்தால் பந்துக்குப் பந்து கிடைக்கும், அரை நிமிஷ வேலை. இருவருக்கும் அது தோன்றினதாகவே தெரியவில்லை.

எனக்கு அந்தப் புள்ளி தெரியும். வரிசையில் எத்தனையாவது என்றுகூடச் சொல்ல முடியும். முன்னால் குனிந்து விரலை நீட்டினால் எட்டும் தூரம்.

பென்சில் முனை ஓர் இடத்தில் நின்றது. அதே இடம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். முனை மறுபடி நகர்ந்து வரிசையின் கடைசிவரை போனது.

“தெரியலப்பா,” என்றாள். “என் கையாத்தான் இருக்கும்.”

“பரவாயில்ல. வீட்ல போய்ப் பார்க்கலாம்.”

“ம்.”

“பெங்களூர்லேர்ந்து வரப்போற ரயில்ல எத்தனை மணி நேரம்?”

“ஆறு. வந்தே பாரத்ல நாலு, நாலரை.”

“ஒரு செஷன் போச்சு அப்படின்னா.”

“ரெண்டுப்பா.”

காவலர் ஒருவர் வந்து கையை ஆட்டி வெளியே போகச் சொன்னார். பெரியவர் பழக்கதோஷத்தில் தன் கையைத் தூக்கி இறக்கினார். மகள் முடியைச் சுருட்டிப் பென்சிலைச் செருகிக்கொண்டாள். மஞ்சப்பை அவர் கக்கத்துக்குப் போனது. படியிறங்கும்போது அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு படி முன்னால், பக்கவாட்டில், அவரைப் பார்க்காமல் இறங்கினாள். சேப்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் போகும் கூட்டத்தில் இரண்டு காதுகளும் கலந்தன.

மறுநாள் நான் போகவில்லை. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். காலையில் ஜடேஜா ஒரு ரன்கூடச் சேர்க்காமல் அவுட் ஆனார். திரையில் 86 என்று போட்டார்கள். அந்த நோட்டில் அவர் எத்தனையில் அவுட் ஆனார் என்று தெரியாது.